ஒன்பது அங்குலச் சுவரும் மூவகை ஈரமும்: அப்டன் பார்க் வீடுகளை முன்வைத்துக் கட்டட உறை அறிவியல்

முன்னுரை

கிழக்கு லண்டனில், நியூஹாம் நகராட்சி எல்லைக்குள் அமைந்த அப்டன் பார்க், வெளியுலகுக்குக் கால்பந்தாட்டத்தின் வழியாகவே பெரிதும் அறிமுகமான இடம். வெஸ்ட் ஹாம் யுனைடெட் அணி 1904 முதல் 2016 வரை ஆடிய திடல் இங்கேதான் இருந்தது; இன்று அவ்விடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. தமிழர்க்கோ அப்டன் பார்க் என்பது கிரீன் தெருவின் கடைகளும், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் குவீன்ஸ் சந்தையும், சற்றே வடக்கிலும் கிழக்கிலும் உள்ள மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம் கோயில்களும் சேர்ந்த ஒரு வாழிடம். புலம்பெயர் தமிழர் வாழ்வை ஆராய்வோர் கோயிலையும் மொழிப்பள்ளியையும் வணிகத்தையும் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றனர். அம்மக்கள் உறங்கி எழும் அறையின் சுவர் ஆய்வுக்குப் பொருளாவது அரிது.

அச்சுவரே இக்கட்டுரையின் பொருள். வீட்டின் உட்புறத்தை வெளிப்புறத்திலிருந்து பிரிக்கும் சுவர், கூரை, தரை, கதவு, சாளரம் ஆகியவற்றின் தொகுதியைக் 'கட்டட உறை' எனலாம். வெப்பம், காற்று, நீர், நீராவி ஆகிய நான்கும் அவ்வுறையின் வழியே எவ்வாறு செல்கின்றன என்பதை ஆராய்வது கட்டட அறிவியல். அவ்வறிவு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஆய்வாளரிடம் அளவீடு இருக்கிறது. கட்டுநரிடம் கைப்பழக்கம் இருக்கிறது. குடியிருப்பவரிடம் எந்த மூலை எந்த மாதத்தில் நனைகிறது என்ற அன்றாடச் செய்தி இருக்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று சந்திக்காதபோது செய்யப்படும் பரிகாரம் பயனற்றுப் போவதுடன் நில்லாது, சில வேளைகளில் நோயை வளர்த்தும் விடுகிறது என்பதை அப்டன் பார்க் வீடுகள் காட்டுகின்றன.

சுவரின் இயல்பு

அப்டன் பார்க் தொடருந்து நிலையம் 1877இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின்வந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இப்பகுதியின் வயல்கள் தெருக்களாயின. ஒட்டியொட்டி நிற்கும் வரிசை வீடுகள் எழுந்தன. அவற்றின் வெளிச்சுவர் இடைவெளியற்ற திண்ணிய செங்கற்சுவர். செங்கல்லின் நீளப்பக்கமும் குறுகிய பக்கமும் மாறிமாறித் தெரியும்படி சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டது. தடிப்பு ஒன்பது அங்குலம். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இன்றும் 'ஒன்பது இஞ்சு சுவர்', 'நாலரை இஞ்சு சுவர்' என்றே பேசுகின்றனர். ஒரே பேரரசின் பொதுப்பணி அளவுகோல் இரு நாடுகளிலும் விட்டுச்சென்ற தடம் அது. ஆயினும் பெயர் ஒன்றாயிருப்பதால் சுவரின் நடத்தையும் ஒன்றாகிவிடாது.

இச்சுவர் மழையைத் தடுத்து நிறுத்துவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. பின்னர்க் காற்றிலும் வெயிலிலும் அதைத் திருப்பித் தருகிறது. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையும் நுண்துளையும் உடையதாதலால் ஈரம் வெளியேற வழியாகிறது. கட்டிய காலத்தில் ஒவ்வோர் அறையிலும் கணப்படுப்பு எரிந்தது. அதன் புகைபோக்கி ஈரக்காற்றை ஓயாது மேலிழுத்து வெளியேற்றிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணப்படுப்புகள் அடைக்கப்பட்டன. மரச்சாளரங்களுக்கு மாற்றாக இறுக்கமாக மூடும் இரட்டைக் கண்ணாடிச் சாளரங்கள் வந்தன. சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டுப் பூச்சும் நீர்புகா வண்ணமும் ஏறின. தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் சீர்திருத்தமே. ஆனால் சுவர் உலரும் வழி ஒவ்வொன்றாக அடைபட்டது.

நூலெண்ணும் அளவெண்ணும்

உறையின் வழியே வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறிக்கும் அளவை யு-மதிப்பு. உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபடும்போது ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் வழியே எத்தனை வாட் வெப்பம் செல்கிறது என்பதே அது. ஒன்பது அங்குலத் திண்சுவரின் யு-மதிப்பு 2.1 என்று பிரித்தானியக் கணக்கீட்டு முறைகள் நெடுங்காலம் கொண்டிருந்தன. வீடுகளின் ஆற்றல் சான்றிதழ், மானியத் திட்டங்களின் சேமிப்புக் கணக்கு, நாட்டின் கரிம இலக்கு எல்லாவற்றுக்கும் அடியில் அந்த எண் இருந்தது.

அதை முதலில் ஐயுற்றோர் வரிசையில் முன்நிற்பது பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம். வில்லியம் மோரிஸ் முதலியோரால் 1877இல், அப்டன் பார்க் நிலையம் திறந்த அதே ஆண்டில், நிறுவப்பட்ட இச்சங்கம், பழஞ்சுவரோடு நாள்தோறும் புழங்கும் கட்டுநர்களும் வடிவமைப்பாளர்களும் நிறைந்த அமைப்பு. வெப்பப்பாய்வுத் தகடுகளைச் சுவரின் உட்புறத்தில் ஒட்டி, குளிர்காலத்தில் பல நாள்கள் அளந்தபோது, பழஞ்சுவர்கள் பல நூல் கூறியதைவிடக் குறைவாகவே வெப்பத்தை இழப்பதை அச்சங்கத்தின் ஆய்வு கண்டது. பின்னர்க் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்களும் அளந்தனர். முன்னதன் சராசரி ஏறத்தாழ 1.6, 2015இல் வெளிவந்த பின்னதன் சராசரி 1.3. அரசின் கணக்கீட்டு முறை 2017இல் 2.1 என்பதைக் கைவிட்டு 1.7 என்பதை ஏற்றது.

இவ்வேறுபாட்டின் பொருளை ஓர் எளிய கணக்கால் அறியலாம். வெளியே 0 பாகை, அறையில் 20 பாகை, அறைக்காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு எனக் கொள்வோம். சுவர்ப்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டி அங்கேயே நிலைத்தால் பூஞ்சணம் வளரும் சூழல் உண்டாகிறது. மேற்கண்ட காற்றுக்கு அந்த எல்லை, பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 15.4 பாகைக்குக் கீழே செல்லும்போது வருகிறது. யு-மதிப்பு 2.1 எனின் சுவரின் உட்பரப்பு 14.5 பாகை, பூஞ்சணம் சுவர் முழுதும் படர வேண்டும். 1.3 எனின் 16.6 பாகை, வெற்றுச்சுவர் தப்பிவிடுகிறது. திண்சுவர் வீடுகளில் காணக்கூடியது இரண்டாவது நிலைக்கே நெருக்கமானது: பூஞ்சணம் பெரும்பாலும் கூரையோர மூலையிலும், சாளர விளிம்பிலும், வெளிச்சுவரோடு ஒட்டிவைத்த அலமாரியின் பின்னும் தோன்றுகிறது. மூலையில் வெப்பம் இரு பக்கமும் வெளியேறுகிறது. அலமாரியின் பின்னால் அறையின் வெப்பம் சுவரை எட்டுவதில்லை. அலமாரியை ஒரு சாண் நகர்த்தி வைத்த இல்லத்தரசி, அளவுகருவி ஏதுமின்றி, ஆய்வாளரின் முடிவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

இக்கணக்கின் மறுபுறம் இன்னும் முக்கியமானது. எரிவாயுக் கட்டணத்திற்கு அஞ்சி அறையை 16 பாகையிலேயே வைத்திருக்கும் குடும்பத்தை எண்ணுக. காற்றில் உள்ள நீராவி முன்போலவே எனின், அறையின் நடுவிலேயே ஈரப்பதம் 77 விழுக்காடு. யு-மதிப்பு 1.3 உள்ள சுவரின் பரப்பு 13.3 பாகை, அங்கே ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. சுவரும் மாறவில்லை, நீராவியும் கூடவில்லை. கணப்புக்குச் செலவிடும் பணம் குறைந்தது, அவ்வளவே. (மாறா நிலைக்குரிய கணக்கு இது, இரவுபகல் ஏற்றத்தாழ்வையும் மழையையும் சேர்த்தால் எண்கள் சற்று நகரும், போக்கு மாறாது.)

குற்றம் சமையலறையிலா?

நால்வர் வாழும் ஒரு வீட்டில் சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு ஆகியவற்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது எனப் பொதுவாகக் கணக்கிடுவர். சோறு வடிக்கும், இட்லியும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில் அதன் பங்கு கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. இதிலிருந்தே, 'நீங்கள் சமைக்கும் முறையால்தான் சுவர் நனைகிறது' என்று வாடகைக் குடியினரிடம் கூறும் வழக்கம் பிறந்தது. இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைகேள் அதிகாரி 2021 அக்டோபரில் வெளியிட்ட ஈரம், பூஞ்சணம் பற்றிய அறிக்கை, 'இது வாழ்க்கைமுறை அன்று' என்பதையே தன் தலைப்பில் கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தால் நேர்ந்த சுவாசநோயால் இறந்தது. 2022 நவம்பரில் மரண விசாரணை அக்காரணத்தை உறுதிசெய்தது. சூடானிலிருந்து வந்த பெற்றோரின் முறையீட்டுக்குக் கிடைத்த மறுமொழியிலும் 'வாழ்க்கைமுறை' என்ற சொல் இருந்தது.

தமிழ்க் குடும்பத்தை எண்ணினால் இச்சொல்லின் போதாமை தெளிவாகும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் இதே சோறு வடிக்கப்பட்டது. இதே இடியப்பம் அவிக்கப்பட்டது. நடுமுற்றம் திறந்திருந்தது, ஓட்டுக்கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்று தானே புகுந்து சென்றது. அங்கே நீராவியை வெளியேற்றுவது குடியிருப்பவரின் கடமையாயிருக்கவில்லை, வீட்டின் கடமையாயிருந்தது. அப்டன் பார்க்கில் அக்கடமை ஒரு மின்விசிறியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான காற்றோட்ட வழிகாட்டி, சமையலறையில் விட்டுவிட்டு இயங்கும் விசிறி நொடிக்கு 60 லிட்டர், அடுப்பின் மேல் அமைந்து வெளியே செலுத்துவதாயின் 30 லிட்டர், குளியலறையில் 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்கிறது. அடுப்பின்மேல் அமைந்த மூடி காற்றை வெளியே செலுத்தாமல் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகையாயின் நெய்ப்புகை குறையும். நீராவி ஒரு துளியும் குறையாது. ஆகவே, 'என்ன சமைக்கிறீர்கள்' என்று கேட்பதற்கு முன் 'விசிறியின் குழாய் எங்கே முடிகிறது' என்று கேட்பதே முறை.

பரிகாரம் தீங்காவது

குளிர்ந்த சுவருக்கு வெப்பக்காப்புப் போர்வை இடுவது இயல்பான தீர்வாகத் தோன்றும். தெருமுகப்பின் தோற்றத்தைக் காக்கவேண்டிய வீடுகளில் அப்போர்வை உட்புறத்தில் இடப்படுகிறது. அதன்பின் செங்கல் அறையின் வெப்பத்தை இழந்து முன்னிலும் குளிர்கிறது. நனைந்தால் உலரத் தாமதிக்கிறது. மாடித்தளத்தைத் தாங்கும் மரவிட்டங்களின் முனைகள் இச்சுவர்களுக்குள் செருகப்பட்டவை. அம்முனைகள் உளுத்துப்போகும் வரை அறைக்குள் எக்குறியும் தெரிவதில்லை.

இவ்விடர்ப்பாட்டை முன்னறியும் கணக்கு முறைகளிலும் பிளவு உண்டு. 1950களின் இறுதியில் ஜெர்மனியின் கிளாசர் வகுத்த எளிய முறை, நீராவி சுவருக்குள் எங்கே குளிர்ந்து நீராகும் என்பதைக் காட்டும். மழைநீரையும் செங்கல்லின் உறிஞ்சலையும் அது கருதுவதில்லை. மழையையும் சேர்த்து மணிக்கணக்கில் கணிக்கும் கணினி முறைகள் ஆய்வகங்களில் வழங்குகின்றன. ஆயினும் தெருவில் போர்வை ஒட்டும் ஒப்பந்தக்காரரின் கைக்கு வருவது பெரும்பாலும் உற்பத்தியாளரின் துண்டறிக்கை ஒன்றே. பிரெஸ்டன் நகரின் பிஷ்விக் பகுதியில் 2013ஐ ஒட்டி அரசுத் திட்டத்தின்கீழ் வெளிப்போர்வை இடப்பட்ட வீடுகள் பலவற்றில் நீர் புகுந்து பூஞ்சணம் படர்ந்தது. 2016இல் பீட்டர் பான்ஃபீல்டு தலைமையிலான மீளாய்வு, வீட்டை ஒரு முழுமையாகக் கருதவேண்டும் என வலியுறுத்தியது. அதிலிருந்து 2019இல் புதிய செயல்முறைத் தரமும் பிறந்தது. அத்தரம் நடைமுறையில் இருந்தும், அண்மைத் திட்டங்களில் இடப்பட்ட வெளிப்போர்வைகளுள் 98 விழுக்காடும் உட்போர்வைகளுள் 29 விழுக்காடும் திருத்தம் தேவைப்படும் பெருங்குறைகளை உடையன எனத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. அறிவு இல்லாமையால் நேர்ந்த தோல்வி என்று இதைக் கூற இயலாது. அறிவு தாளில் இருந்தது; சாரத்தின்மேல் நின்றவரை அது சென்று சேரவில்லை.

நியூஹாமுக்கு இவ்விடைவெளி புதிதன்று. அப்டன் பார்க்கின் தெற்கே, கேனிங் டவுனில், ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம் 1968 மே 16 அன்று ஓர் எரிவாயு வெடிப்பால் ஒரு மூலை முழுதும் சரிந்தது. நால்வர் இறந்தனர். ஆலையில் வார்த்த பெரும் பலகைகளை அடுக்கிக் கட்டிய உறை அது. ஒரு பலகை பெயர்ந்ததும் அதன்மேல் நின்றவையும் கீழே இருந்தவையும் வீழ்ந்தன. விசாரணைக்குப் பின் 1970இல் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. ஆயினும் வரைபடத்தில் இருந்த இணைப்பு உண்மையில் சுவரில் இருந்ததா என்ற வினாவுக்கு விடை 1986இல்தான் கிடைத்தது. கட்டடக் கலைஞர் சாம் வெப்பின் நெடுநாள் வற்புறுத்தலால் அதை இடிக்காமல் பலகை பலகையாகக் கழற்றியபோது, காரை நிரம்பியிருக்க வேண்டிய இணைப்புகள் சரிவர நிரப்பப்படாதிருந்தமை வெளிப்பட்டது. பல ஆண்டுகள் மக்கள் அதை நம்பியே குடியிருந்தனர்.

ஆய்வையும் தொழிலையும் இணைக்கவென்றே 1921இல் தொடங்கப்பட்டது பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையம். இந்தியாவில் ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் அவ்வழி வந்தது. பிரித்தானிய நிறுவனம் 1997இல் தனியார்மயமாயிற்று. எழுபத்திரண்டு உயிர்களைக் கொண்ட 2017 கிரென்ஃபெல் தீயின் இறுதி விசாரணை அறிக்கை, 2024இல், அந்நிறுவனத்தையும் கடுமையாகக் குறைகூறியது. இணைப்புப் பாலமாக நிற்கும் நிறுவனமும் பழுதுபார்க்கப்பட வேண்டியதே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூவகை ஈரமும் தமிழ்ச் சொற்களும்

சுவரில் காணும் ஈரத்திற்கு மூன்று பிறப்பிடங்கள் உண்டு: நிலத்திலிருந்து ஏறுவது, மழையால் வெளியிலிருந்து புகுவது, அறைக்காற்றின் நீராவி குளிர்பரப்பில் படிவது. ஆங்கிலப் பேச்சில் மூன்றும் 'டாம்ப்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. காரணத்தை அறியாமலே, ஏறும் ஈரம் எனக் கொண்டு சுவரடியில் துளையிட்டு வேதிநீர் செலுத்தும் வழக்கம் இச்சொற்குழப்பத்தில் ஓரளவு வேர்கொண்டது. மதிப்பீட்டாளர் கழகமும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தும் ஈரத்தடுப்புத் தொழிலாளர் அமைப்பும் 2022இல் ஒன்றுகூடி, பழங்கட்டடங்களில் முதலில் காரணத்தை ஆராய்க, பிறகே மருந்திடுக எனும் கூட்டு நிலைப்பாட்டை வெளியிட்டன. முரண்பட்டு நின்ற தரப்புகள் ஒரே மேசைக்கு வந்தமையால் அது குறிப்பிடத்தக்கது.

தமிழில் இவ்வேறுபாடுகளுக்குச் சொற்கள் ஏற்கெனவே வழங்குகின்றன. 'ஓதம்' என்பது பழைய சொல். கடல், அலை, வெள்ளம் என்ற பொருள்களோடு ஈரம் என்ற பொருளையும் அகரமுதலிகள் தருகின்றன. கட்டடத் தொழிலில் அது சுவரடியிலிருந்து ஏறும் ஈரத்துக்கு நன்கு பொருந்துகிறது. மழை புகுவது 'கசிவு'. காற்றின் நீராவி படிவதைச் 'சுவர் வியர்க்கிறது' என்கிறோம். ஓதத்தின் துணைக்குறி 'உப்புப் பூத்தல்'. வியர்ப்பின் துணைக்குறி 'பூஞ்சணம்'. நனைந்த பட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் நிற்கிறது, மழைக்குப் பின் கூடுகிறதா, சமைத்த இரவில் கூடுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு இச்சொற்களால் விடைகூறும் குடியிருப்பாளர், ஆய்வாளரின் வேலையில் பாதியை முடித்துத் தருகிறார். கட்டடவியல் கலைச்சொல் தொகுப்போர் கவனிக்க வேண்டிய செய்தி இது: புதுச்சொல் படைப்பதற்கு முன், கொத்தனாரும் இல்லத்தாரும் வழங்கும் சொற்களைத் திரட்டி அவற்றின் எல்லையை வரையறுத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சொல் கடல்கடந்து வரும். அனுபவம் அப்படியே வாராது. சென்னையில் 32 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் வெளிக்காற்றின் பனிநிலை ஏறத்தாழ 26 பாகை. குளிரூட்டிய அறையின் சுவர் 24 பாகையில் இருந்தால் நீராவி வெளியிலிருந்து உள்நோக்கி வந்து படியும். அப்டன் பார்க்கின் சனவரியில் அது உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்கிறது. எனவே, 'சாளரத்தை மூடினால் ஈரம் வராது' என்பது குளிரூட்டிய சென்னை அறைக்குப் பொருந்தும். லண்டன் அறையில் அதுவே தீங்கு செய்யும். இந்தியாவின் 2018ஆம் ஆண்டு எக்கோ நிவாஸ் சம்ஹிதா, வெப்பமண்டலக் குடியிருப்புகளின் உறை வழியாக உட்புகும் வெப்பத்தைச் சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்குள் கட்டுப்படுத்தச் சொல்கிறது. அங்கே எதிரி உட்புகும் வெப்பம், இங்கே வெளியேறும் வெப்பம்.

சட்டத்தின் எல்லை

நியூஹாம், 2013 சனவரியில், தனியார் வாடகை வீடுகளுக்கு நகராட்சி முழுதும் உரிமம் கட்டாயமாக்கிய முதல் ஆங்கிலேய நகராட்சி. அவாப் இஷாக்கின் பெயரால் வழங்கும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுவசதியில் நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்தெனின் 24 மணி நேரத்திலும், குறிப்பிடத்தக்க ஈரமோ பூஞ்சணமோ எனின் 10 வேலைநாள்களிலும் வீட்டு உரிமையாளர் ஆராய வேண்டும். ஆராய்ந்து முடித்த 3 வேலைநாள்களில் கண்டறிந்ததை எழுத்தில் குடியிருப்பவருக்குத் தரவேண்டும். அந்த எழுத்துச் சுருக்கம் ஒரு புதிய ஆவண வகை. சுவரைப் பற்றிய ஆய்வு, அச்சுவருக்குள் வாழ்பவரின் கைக்குச் சட்டப்படி வந்துசேர வகைசெய்கிறது அது. ஓதமா, கசிவா, வியர்ப்பா என்பது அதில் தெளிவுபட எழுதப்பட்டால், தவறான மருந்தை மறுக்கும் உரிமை அவருக்குக் கிட்டுகிறது. அப்டன் பார்க்கின் வரிசை வீடுகளில் பெருந்தொகையானவை தனியார் வாடகையில் உள்ளவை. 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இக்கடமையைத் தனியாருக்கும் நீட்டிக்க வழி வகுத்துள்ளது. அது எந்நாள் முதல் என்பதைத் தனி விதிகள் வரையறுக்க வேண்டும்.